அப்பாவின் சிறுநீரகப் புற்றுநோய் எனக்கும் வருமா?

தம்பி, அப்பாவுக்கு 42 வயதிலேயே இரண்டு சிறுநீரகங்களிலும் புற்றுக்கட்டி, எனக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. புகைப்பழக்கம், உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் போன்றவைதான் காரணம். என் தந்தைக்கு 68 வயதில் ஒரு பக்கம் மட்டும் வந்தது. நாற்பது ஆண்டுகள் புகைத்தவர். உங்கள் அப்பாவின் நிலை வேறு. இளம் வயது, அதுவும் இரு பக்கமும் என்றால் மரபணுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பரம்பரை நோய்களில் வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய் ஒன்று. மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு. விழித்திரையிலும் சிறுமூளையிலும்கூடக் கட்டி வரலாம். ஆகவே உறவில் யாருக்காவது இளம் வயதில் பார்வை போனதா, மூளையில் கட்டி இருந்ததா என்று பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிவையுங்கள்.

முதலில் சோதிக்க வேண்டியது அப்பாவை. அவரிடம் பழுது தெரிந்தால்தான் உங்கள் சோதனைக்குத் தெளிவான விடை கிடைக்கும். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மரபியல் ஆலோசனை உண்டு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அப்பாவின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.