பூங்கா பெஞ்ச் காலில் ஏன் இற்றுப்போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் இரும்பு பெஞ்சுகளின் கால்களை கான்கிரீட்டில் புதைத்து நட்டிருக்கிறோம். உட்காரும் பகுதி நன்றாக இருக்கிறது. கால்கள் மட்டும் தரையை ஒட்டிய இடத்தில் துருப்பிடித்து ஒடிகின்றன. கனமான குழாய் போட்டால் சரியாகுமா?

பதில்: கனத்தைக் கூட்டினால் ஒடிவது தள்ளிப்போகும், நிற்காது. கான்கிரீட்டும் இரும்பும் சேரும் இடத்தில் நாளடைவில் மயிரிழை இடைவெளி விழும். மழைநீர், தரை கழுவும் நீர், செடிக்குப் போட்ட உரம் கரைந்த நீர் எல்லாம் அதில் இறங்கிவிடும். மேல்பாகம் நனைந்தால் உடனே காய்ந்துவிடுகிறது. தரையோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஈரம் போவதே இல்லை. துரு அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு எதிரி குழாயின் உள்ளே இருக்கிறது. வெல்டிங்கில் விட்டுப்போன ஊசித்துளை, மூடாத முனை, போல்ட் துளை வழியாக நீர் புகுந்து காலடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே இரும்பு மெலிந்துகொண்டிருக்கும். சிறு சுத்தியலால் காலின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அடியில் சத்தம் மந்தமாக இருந்தாலோ, தட்டிய இடம் அமுங்கினாலோ அந்த பெஞ்சில் யாரையும் உட்காரவிட வேண்டாம்.

புதிதாக வைக்கும்போது காலைப் புதைக்காதீர்கள். அடியில் 6 முதல் 8 மி.மீ. கனமுள்ள தகட்டை வெல்டு செய்யுங்கள். கான்கிரீட் மேடையைச் சுற்றுத்தரையைவிட 25 மி.மீ. உயர்த்தி, நீர் வெளியே வழியும்படி சரிவு கொடுத்து, தகட்டை எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) ஆங்கர் போல்ட்டால் பிணையுங்கள். தகட்டுக்குச் சற்று மேலே, காலில் 8 மி.மீ. வடிகால் துளை வேண்டும். துருவைத் தடுக்க பெஞ்சை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பதுதான் கால்வனைசிங். அப்படி முக்குவதற்கு முன்பே இந்தத் துளையைப் போட்டாக வேண்டும். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரி செல்சியஸில் இருக்கும். அடைபட்ட குழாய்க்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நீராவியாகி வெடித்துவிடும்.

இருக்கிற பெஞ்சில் கால் இன்னும் உறுதியாக இருந்தால், சுற்றிலும் 50 மி.மீ. ஆழம் கான்கிரீட்டை வெட்டியெடுத்து, துருவைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். துத்தநாகம் மிகுந்த பிரைமர் ஒரு கோட், எபாக்சி இரண்டு கோட் பூசி, குழியைச் சரிவாக நிரப்புங்கள். ஓரத்தை பாலியூரிதேன் சீலன்டால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ‘கால்வனைஸ்டு’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டே வருடத்தில் துரு வந்தது எப்படி?

பதில்: அந்தப் பெயரில் பல சரக்கு வருகிறது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால், ஐஎஸ்ஓ 1461 என்ற சர்வதேசத் தரப்படி, 3 முதல் 6 மி.மீ. வரை கனமுள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதற்கு மேல் கனத்தில் 85 மைக்ரான் பூச்சு இருக்க வேண்டும். மின்சாரத்தால் பூசும் மின்முலாமில் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். துத்தநாகம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது. கனம் குறைந்தால் ஆயுளும் அதே விகிதத்தில் குறையும். முலாம் பூசிய குழாயை வாங்கி வெட்டி வெல்டு செய்வதும் உண்டு. வெல்டு சூட்டில் பூச்சு எரிந்துபோவதால் மூட்டுகளில்தான் முதலில் துரு தெரியும். ஆகவே ஆர்டரில் ‘வெட்டு, துளை, வெல்டு அனைத்தும் முடித்த பின் முக்க வேண்டும்’ என்று எழுதி, சரக்கு வந்ததும் கனமானியால் நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

கேள்வி: மரப் பலகைகளுக்கு வருடா வருடம் வார்னிஷ் அடிக்கிறோம். உரிந்துகொண்டே இருக்கிறது.

பதில்: வார்னிஷை விட்டுவிடுங்கள். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது படலம் விரிசல் விடும். விரிசலில் புகுந்த நீர் படலத்துக்கு அடியிலேயே தங்கி மரத்தை உளுக்கச் செய்யும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சுதான் வெளியிடத்துக்கு ஏற்றது. மறுபூச்சுக்குச் சுரண்ட வேண்டியதும் இல்லை. சாம்பல் நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், மேல்பரப்பு வெயிலில் வெளிறியதுதான் அது. பலகையின் அறுபட்ட முனைகளைக் கவனியுங்கள். தண்ணீரை அதிகம் குடிப்பது அவைதான். அங்கே மட்டும் இரண்டு மூன்று முறை பூசுங்கள். பலகைகளுக்கு இடையே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்டெயின்லெஸ் திருகாணிகளை அடியிலிருந்து முடுக்குங்கள்.

கேள்வி: மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. தரம் குறைந்த சரக்கா?

பதில்: அநேகமாக இல்லை. பிளாஸ்டிக்கின் விறைப்பு மரத்தைவிட மிகக் குறைவு. வெயிலில் இன்னும் இளகி, எடை தாங்கித் தாங்கி நிரந்தரமாக வளையும். 40 மி.மீ. கனமுள்ள பலகைக்கு 450 மி.மீ.க்கு ஒரு தாங்கி தேவை. மரத்துக்கு வடிவமைத்த சட்டத்தில் அது இருக்காது. தொய்ந்ததைக் கழற்றித் திருப்பிப்போட்டு, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். 1.5 மீட்டர் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்) பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 5 முதல் 9 மி.மீ. வரை நீளும். ஒரு துளையை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்றவற்றை நீள்துளையாக்குங்கள். இல்லாவிட்டால் திருகாணி அருகே பலகை பிளக்கும்.

கேள்வி: கடற்கரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெஞ்சில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன.

பதில்: 304 ரகமாக இருக்கும். உப்புக்காற்றுக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் வேண்டும். அதுவும் வழவழப்பாக மெருகேற்றியதாக இருக்கட்டும். சொரசொரப்பில் உப்பு தங்கிவிடும். இப்போதைக்கு நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவி, நைலான் நாரால் தேயுங்கள். இரும்பு நார் போடவே கூடாது: அதன் துகள் ஒட்டிக்கொண்டு, புதிய துருப்புள்ளிகளைக் கிளப்பும்.