பெயர் எழுதும் நோட்டைத் தலைவியிடமிருந்து முதலில் வாங்கி வையுங்கள்: கத்தோலிக்கப் பள்ளியில் மூத்த மாணவிகளின் தலைமை

கேள்வி: அருட்சகோதரிகள் நடத்தும் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு மாணவர் மன்றப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் தலைவிகள் தொண்டாற்றும் தலைவிகளாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்கிறார். ஆனால் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவி) தொடங்கி வகுப்புத் தலைவி வரை பலர் சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். மற்றவர்கள் ஆசிரியர் அறைக்கு நோட்டுக்கட்டு சுமப்பதோடு சரி. எங்கள் மாணவிகளில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்ல. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வேறு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் தலைவிகள் செய்வதெல்லாம் ஆசிரியர்களுக்கு உதவும் வேலை. அசெம்பிளியில் வரிசையை நேராக்குகிறார்கள், தாமதமாக வந்தவர்களைப் பிடிக்கிறார்கள், நோட்டு சுமக்கிறார்கள். இதனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை. தலைமை தொண்டாக மாற வேண்டுமென்றால் அதன் பலன் சின்னவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒவ்வொரு மூத்த மாணவியிடமும் சில சின்னப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். மற்றதெல்லாம் இதை நடத்திக்கொண்டு போவதற்கான ஏற்பாடுதான்.

ஆனால் அதற்கு முன்னால், தலைவிகள் பெயர் எழுதும் நோட்டை அவர்களிடமிருந்து வாங்கி வையுங்கள். கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதும் வழக்கமும் போகட்டும். மண்டியிட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, தோப்புக்கரணம் போடச் சொல்வது எதுவும் தலைவியின் கையில் இருக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்ததை யாராவது எடுத்துக்காட்டினால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டுங்கள். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையில்லாத துன்பம் கொடுத்தால் அது குற்றம். இந்தப் பிரிவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும். ஆசிரியரே செய்யக் கூடாததைப் பதினேழு வயதுப் பெண்ணிடம் ஒப்படைப்பது அவளுக்கும் தீங்கு. நோட்டை வாங்கியதும் கொஞ்ச நாள் சத்தம் கூடத்தான் செய்யும். சக ஆசிரியைகள் முணுமுணுப்பார்கள். வகுப்பின் அமைதி ஆசிரியரின் பொறுப்பு என்று அவர்களிடம் மென்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தண்டிக்கும் அதிகாரம் போனால் தலைவி வெறும் எடுபிடி ஆகிவிடுவாளோ என்ற பயம் பிள்ளைகளுக்கே வரும். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இயேசு சொல்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைப்பது சரியே, நான் அப்படித்தான் என்கிறார். தன் இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் இருந்துகொண்டே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அதனால் உங்கள் எஸ்.பி.எல். அசெம்பிளியை நடத்தட்டும், மன்றக் கூட்டத்தில் முடிவெடுக்கட்டும், சின்னப் பிள்ளையை ஒருத்தி கேலி செய்தால் "நிறுத்து" என்று உரக்கச் சொல்லட்டும். யாருக்காகச் சொல்கிறாள் என்பதுதான் வேறுபாடு.

இனி ஒப்படைப்புக்கு வருவோம். இது புதிய யோசனை அல்ல. 1856இல் இத்தாலியின் தூரின் நகரில், ஏழைச் சிறுவர்களுக்காக அருட்தந்தை தொன் போஸ்கோ நடத்திய இல்லத்தில் படித்த தோமினிக் சாவியோ, தன் நண்பர்களோடு அமல அன்னையின் பெயரில் ஒரு சிறு சபை தொடங்கினான். புதிதாக வந்து திண்டாடும் பையன்களையும் யாருக்கும் அடங்காத பையன்களையும் அவர்கள் தங்களுக்குள் பிரித்துப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அப்போது சாவியோவுக்கு வயது 14. உங்கள் பள்ளியில் இதற்கேற்ற இடம் ஆறாம் வகுப்பு. ஊரிலுள்ள பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஜூன் மாதம் வந்து சேருகிறார்கள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்பது அவர்களுக்குப் புதிது. சிலர் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு வந்திருப்பார்கள். விடுதிப் பிள்ளைகள் ராத்திரி அழுவார்கள். ஒரு மூத்த மாணவிக்கு ஐந்து பேர் போதும். முதல் மாதத்தில் அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐந்து பேரின் பெயரையும் அவர்கள் வரும் பேருந்தையும் தெரிந்துகொள்வது, வாரத்தில் இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது, டைரியில் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது, கழிப்பறை, நூலகம், மருத்துவ அறை எங்கே என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது. பேட்ஜ் இல்லாத மாணவிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமை பத்துப் பேரின் சொத்தாக இருந்தால் மற்ற மூத்தவர்கள் எதையும் கற்றுக்கொள்ளாமலே பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள்.

வாரம் ஒரு பாடவேளை மன்றக் கூட்டத்துக்கு ஒதுக்கக் கேளுங்கள். அதற்கு ஒரு நல்ல முறை கைவசம் இருக்கிறது. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களிடையே பணியாற்றிய அருட்தந்தை ஜோசப் கார்டைன் வகுத்த "பார், சிந்தி, செயல்படு" முறை அது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தன் சுற்றுமடலிலேயே அதைப் பரிந்துரைத்தார். உங்கள் பள்ளியில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், அதாவது ஒய்.சி.எஸ்., இருந்தால் அதை நடத்தும் சிஸ்டருக்கு இது அத்துப்படி.

தாமதமாக வருபவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை தலைவி வாசலில் நின்று பெயர் எழுதினாள். இனி ஒரு வாரம், வருகிறவர்களிடம் ஏன் தாமதம் என்று கேட்டு மட்டும் வரட்டும். அதுதான் பார்ப்பது. கூட்டத்தில் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, பெரும்பாலோர் ஒரே கிராமத்துப் பேருந்தில் வருபவர்கள் என்று தெரியலாம். வேறு இரண்டு பேர் தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறவர்களாக இருக்கலாம். யாருடைய தவறு, எதை மாற்ற முடியும் என்று பேசுவது சிந்திப்பது. பேருந்து நேரம் பற்றிக் கிளை மேலாளருக்குப் பள்ளியிலிருந்து கடிதம் போகச் செய்வது, அது மாறும்வரை அந்தப் பிள்ளைகள் இழந்த முதல் பாடவேளையின் குறிப்புகளை ஒரு அக்கா மதியம் கொடுப்பது செயல்படுவது. இப்படி ஒரு பிரச்சினையை முழுதாக முடித்துப் பார்த்த மாணவிக்குத் தொண்டைப் பற்றி நீங்கள் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தலைமையாசிரியை அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாரா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துக் கொண்டுவருவதைப் பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டாவது கூட்டத்துக்கே ஆள் வராது.

இரண்டு விஷயங்களில் மிகவும் கவனமாக இருங்கள். ஒன்று, துப்புரவு வேலை. தொண்டு என்ற பெயரில் கூட்டுவதும் கழுவுவதும் குறிப்பிட்ட சில பிள்ளைகள் தலையில் விழுவதை நம் ஊர்ப் பள்ளிகளில் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் எந்தச் சாதி என்று சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறையைச் சுத்தம் செய்யப் பள்ளி சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். வகுப்பறையைக் கூட்டும் வேலை சுழற்சி முறையில் எஸ்.பி.எல். உட்பட எல்லோருக்கும் வரட்டும், ஆசிரியைகளும் சேர்ந்துகொள்ளட்டும். தண்டனையாக அந்த வேலையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று ரகசியம். அன்பாகப் பேசும் அக்காவிடம் சின்னப் பிள்ளை வீட்டில் நடப்பதைச் சொல்லும். சில நேரம் அது பாலியல் தொல்லையாக இருக்கும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கே உங்களிடமோ பள்ளி ஆலோசகரிடமோ வர வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. அந்தச் சுமை மாணவியுடையது அல்ல, உங்களுடையது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மன்ற அறையில் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

கிறிஸ்தவர் அல்லாத மாணவிகளைப் பற்றித் தயங்கத் தேவையில்லை. இயேசு பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, 2013இல், திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் இளம் குற்றவாளிகளுக்கான சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். உங்கள் எஸ்.பி.எல். இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருக்கலாம். இந்தத் தலைமை எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். செபத்தை நடத்தும்படி மட்டும் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஐந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதில் மத வேறுபாடு எங்கே வரப்போகிறது?

அப்புறம் பொதுத்தேர்வு. பிளஸ் டூ மாணவிகளிடம் ஜூன் முதல் நவம்பர் வரை மட்டும் பொறுப்பு இருக்கட்டும். நவம்பர் முடிவில் தங்கள் ஐந்து பேரையும் பிளஸ் ஒன் தங்கைகளிடம் நேரில் அறிமுகம் செய்து ஒப்படைக்கட்டும். டிசம்பர் முழுவதும் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் இந்தக் கால அளவை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் மார்க் போய்விடும் என்ற பேச்சு வராது.

இதெல்லாம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? தொண்டுத் தலைமை என்ற கருத்தை 1970இல் நிர்வாக உலகில் எழுதிப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃப் ஒரு சோதனை வைத்தார். தொண்டு பெற்றவர்கள் வளர்கிறார்களா, அவர்களும் தொண்டு செய்ய முன்வருகிறார்களா என்று பார்க்கச் சொன்னார். பிப்ரவரியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். தன் பெயர் எழுத வேண்டாம். பள்ளியில் ஒரு சிக்கல் வந்தால் எந்த அக்காவிடம் போவாய், இந்த ஆண்டு நீ யாருக்கு உதவினாய் என்ற இரண்டு கேள்வி போதும். திரும்பத் திரும்ப வரும் அக்காக்களின் பெயர்களில் பிளஸ் ஒன் மாணவிகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு எஸ்.பி.எல். தேர்தலுக்கு நிற்கச் சொல்லி அவர்களிடம் நீங்களே போய்க் கேளுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவர்கள் எப்படியும் தாங்களாகவே பெயர் கொடுத்துவிடுவார்கள்.