ராஜினாமா கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் 9 வருடம் 8 மாதமாக டவர் பராமரிப்பு இன்ஜினீயராக இருக்கிறேன். ஆள்குறைப்பு என்கிறார்கள். நாளைக்குள் ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவதாக ஹெச்.ஆர். சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நாளைக்கே வேண்டாம். 2019-ல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வு அறிவித்தபோது, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை யோசிக்க நேரம் இருந்தது. முடித்த ஆண்டுக்கு 35 நாள் சம்பளம், ஓய்வு பெற மிச்சமுள்ள ஆண்டுக்கு 25 நாள் என்று கணக்கும் எழுத்தில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் 78,000-க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒரு ராத்திரிகூட முழுசாகத் தரவில்லை.

அவர்கள் நீட்டும் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கீழே கையெழுத்திட்டால், நீங்களாகவே போனதாக ஆகிவிடும். அதன் பிறகு ஆள்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்பது மிகவும் கஷ்டம்.

நிறுவனமே நீக்கினால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும். ஒன்பது வருடத்துக்கு மேல் உள்ள 8 மாதம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால், அதுவும் ஓர் ஆண்டாகி உங்களுக்குப் பத்து ஆண்டு. அடிப்படையும் பஞ்சப்படியும் 40,000 ரூபாய் என்று வைத்தால், இழப்பீடே சுமார் 2 லட்சம். அதில் சட்டப்படி வரும் தொகைக்கு, 5 லட்சம் வரை வருமான வரி கிடையாது. ராஜினாமாவுக்காகத் தரும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு வரி உண்டு.

‘இன்ஜினீயர்’ என்ற பதவிப் பெயரை வைத்து ‘நீங்கள் தொழிலாளி இல்லை’ என்பார்கள். பெயர் முக்கியமில்லை, தினமும் செய்யும் வேலைதான் முக்கியம். டவரில் ஏறிப் பழுது பார்ப்பவருக்கும், ஆட்களை வேலை வாங்கி லீவு அனுமதிப்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதால், ராஜினாமா செய்தாலும் அது உங்கள் பணம்: 40,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்குங்கள், சுமார் 2,30,000 வரும். இதையே ‘பேக்கேஜ்’ என்று காட்டினால் ஏமாறாதீர்கள்.

இன்றிரவே சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்யுங்கள். லாகின் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். பிறகு ஹெச்.ஆருக்கு மெயில்: ‘இன்று நீங்கள் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். காரணத்தையும் தரப்போகும் தொகையின் விவரத்தையும் எழுத்தில் தாருங்கள். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.’ சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.