காய் விட்டவர்கள் கிட்டே வரும்போது

கேள்வி: வெளிநாட்டுச் செய்திகளில், முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகள் மறுபடி பேச ஆரம்பித்தால் 'ரப்ரோஷ்மான்' என்று ஒரு சொல்லைப் போடுகிறார்கள். நான் பார்த்த அகராதியில் 'நட்புறவைப் புதுப்பித்தல்' என்று இருக்கிறது. இது எந்த மொழிச் சொல்? தமிழில் எப்படிச் சொல்லலாம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிரெஞ்சுச் சொல். எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' உண்டு, அதைச் சொல்லக்கூடாது. முடிகிற ஒலி மூக்கால் வருவது, தமிழ் எழுத்தில் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது, நீங்கள் எழுதியிருப்பதே போதும்.

'ப்ரோஷ்' என்றால் பிரெஞ்சில் பக்கத்தில். அதற்குப் பின்னால் 'ப்ரோபெ' என்ற லத்தீன் சொல் இருக்கிறது, அதற்கும் 'அருகே' என்றுதான் பொருள். அதிலிருந்து 'அப்ரோஷே', அதாவது அணுகுதல். நாம் ஆங்கிலத்தில் தினமும் சொல்கிற 'அப்ரோச்' இதன் பங்காளிதான். முன்னால் ஒரு 'ர' சேர்ந்தால் 'ரப்ரோஷே': மறுபடி கிட்டே கொண்டுவருவது, இன்னும் நெருக்கமாக்குவது. பெயர்ச்சொல் ஆக்குவதற்கு 'மான்' ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு மேசைக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போடு' என்று சொல்லவும் பிரெஞ்சுக்காரர்கள் இதே வினையைத்தான் எடுப்பார்கள். அவ்வளவு வீட்டுப் புழக்கமான சொல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது, அங்கே ராஜதந்திரிகளின் சொல்லாகிவிட்டது.

அதனால்தான் 'நட்புறவைப் புதுப்பித்தல்' என்பது எனக்குக் கொஞ்சம் அவசரப்பட்ட பொருளாகத் தெரிகிறது. இந்தச் சொல்லுக்குள் தூரம் குறைகிறது, அவ்வளவுதான். நட்பு அப்புறம் வரலாம், வராமலும் போகலாம்.

அமெரிக்காவும் சீனாவும் நெருங்கிய கதையைப் பாருங்கள். 1949இல் மாவோவின் ஆட்சி வந்ததிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் இரண்டுக்கும் தூதரக உறவே கிடையாது. 1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயா நகரில் உலக மேசைப்பந்துப் போட்டி நடந்தபோது, க்ளென் கோவன் என்ற இளம் அமெரிக்க வீரர் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். உள்ளே யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில், மூன்று முறை உலகச் சாம்பியனான ஜுவாங் ஜெடோங் எழுந்து வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசி, ஹுவாங்ஷான் மலைகள் தெரிகிற ஒரு பட்டுத்துணிப் படத்தை அவர் கையில் கொடுத்தார். பதிலுக்குக் கோவன் ஒரு டிஷர்ட் வாங்கிக் கொடுத்தார். அதே மாதம் அமெரிக்க அணி சீனாவுக்குள் போயிற்று. ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கர் பாகிஸ்தான் போனவர், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு யாருக்கும் தெரியாமல் அங்கிருந்து பெய்ஜிங்குக்குப் பறந்தார். 1972 பிப்ரவரி 21இல் நிக்சனே போய் இறங்கினார். 1954இல் ஜெனீவாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் கைகுலுக்க மறுத்தது சீனப் பிரதமர் சூ என்லாயின் மனதைப் புண்படுத்தியிருந்தது தனக்குத் தெரியும் என்றும், அதனாலேயே விமானப் படியை விட்டு இறங்கியதும் முதலில் கையை நீட்டியபடி அவரை நோக்கி நடந்ததாகவும் நிக்சன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் முழுத் தூதரக உறவு எப்போது வந்தது தெரியுமா? 1979 ஜனவரி 1. பேருந்திலிருந்து அதுவரைக்கும் ஏறக்குறைய எட்டு வருடம். அந்த எட்டு வருடத்துக்குத்தான் ரப்ரோஷ்மான் என்று பெயர்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். காய் விட்ட பிள்ளை, பழம் விடுவதற்கு முன்னால், மெல்ல அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் 'ரப்பர் இருக்கா' என்று கேட்குமே, அந்த நேரம்தான் இது. பழம் விட்டாயிற்று என்றால் இந்தச் சொல்லின் வேலை முடிந்தது. 'ராசியாகிவிட்டார்கள்' என்று நாம் சொல்வதும் முடிந்துபோன காரியத்தைத்தான் குறிக்கும், அதனால் அதுவும் இங்கே பொருந்தாது.

தமிழில் 'அணுக்கம்' என்று அருமையான சொல் இருக்கிறது, அணுகுதலும் அண்மையும் அதிலேயே இருக்கின்றன. கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் 'மீளணுக்கம்' என்று எழுதுங்கள், நான் அதைத்தான் எழுதுவேன். செய்தித் தலைப்புக்கு இவ்வளவுகூட வேண்டாம். 2016இல் உறவை முறித்துக்கொண்ட சவூதியும் ஈரானும் 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் உடன்பாட்டுக்கு வந்தபோது 'சவூதியும் ஈரானும் மீண்டும் நெருங்குகின்றன' என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: அப்படியானால் 'டேடான்ட்', 'ஆன்டான்ட்' என்பவை? இவையும் அதேதானா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மூன்றும் பிரெஞ்சுதான், பொருள் வேறு வேறு. 'ஆன்டான்ட்' என்றால் புரிந்துணர்வு, பேசி முடித்த ஏற்பாடு. 1904 ஏப்ரல் 8இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்டது அப்படிப்பட்டது. 'டேடான்ட்' என்பது இழுத்துக் கட்டியதைத் தளர்த்துவது. 1970களில் அமெரிக்காவும் சோவியத்தும் பகைவர்களாகவே இருந்துகொண்டு பதற்றத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்களே, அதற்கு இந்தச் சொல். பிரெஞ்சில் துப்பாக்கியின் விசைக்கும் இதே பெயர்தான், விசையை இழுத்தால்தானே உள்ளே இறுகிக் கிடக்கும் சுருள்வில் விடுபடும்.