மைக் இருக்க எதற்குக் கத்தல்?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களில் அரங்க அறிவிப்பாளர் உள்ளூர் வீரரின் பெயரை இழுத்து இழுத்துக் கத்துகிறார். கூட்டத்துக்கு உற்சாகம் ஏற்ற அது தேவைதானே? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: இழுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மைக் என்று ஒன்று வந்ததே தொண்டையைக் காப்பாற்றத்தானே?

இழுப்பதில் மன்னர் ஃபிலடெல்ஃபியாவின் அந்தக்கால அறிவிப்பாளர் டேவ் ஜிங்காஃப். ஆட்டக்காரர் ஜூலியஸ் எர்விங்கின் பெயரில் அந்த ‘எர்’ரை அவர் நீட்டிய நீட்டில் கூட்டம் எழுந்துவிடும். டாம் கோலா கூடை போட்டால் ‘கோலா கோல்’. வில்ட் சேம்பர்லின் பந்தைத் திணித்தால் ‘டிப்பர் டங்க்’ (‘டிப்பர்’ வில்ட்டின் பட்டப்பெயர்). தெரிந்தவர்களுக்கெல்லாம் சலாமி என்கிற இறைச்சித் துண்டைப் பரிசாகக் கொடுப்பாராம். அப்படிப்பட்ட மனிதரிடம் உற்சாகத்துக்கா பஞ்சம்?

1962 மார்ச் 2, ஹெர்ஷி. சாக்லேட்டுக்குப் பேர்போன சின்ன ஊர். அன்று வந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பும் இல்லை. கடைசிக் கால்பகுதியில் ஜிங்காஃப் செய்தது ஒன்றுதான்: வில்ட் கூடை போடப்போட, அவர் எடுத்த மொத்தப் புள்ளி எத்தனை என்று சொன்னார். எண்ணைக் கேட்டதும் கூட்டத்துக்கு வெறி பிடித்தது. “வில்ட்டிடம் கொடு!” என்று கூச்சல். எதிரணியான நியூயார்க் நிக்ஸ் ஆட்டக்காரர்கள் அவரிடம் பந்து போகாமல் தடுக்க, அவர் அணியின் மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். அப்படியும் 46 நொடி மிச்சமிருக்கும்போது வில்ட் ஒருவரின் புள்ளியே 100 ஆகிவிட்டது. ஜிங்காஃப் தகவலை நேரத்தில் சொன்னார், அவ்வளவுதான். மிச்சத்தைக் கூட்டமே பார்த்துக்கொண்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் அறிவிப்பாளர் லாரன்ஸ் டான்டரையும் கேளுங்கள். ஜாஸ் வானொலியில் பழகிய ஆழமான குரல். 1980களின் தொடக்கத்திலிருந்து நிதானம் மாறாமல் பேசுகிறார். மேஜிக் ஜான்சன், கோபி பிரயன்ட் எல்லோரும் அந்தக் குரலில்தான் களத்துக்கு வந்தார்கள். யாருக்கு உற்சாகம் குறைந்தது?

மைக்கேல் ஜோர்டன் ஆடிய காலத்தில் சிகாகோவின் அறிவிப்பாளர் ரே கிளே, விளக்கை அணைத்த அரங்கில் “ஃப்ரம் நார்த் கரோலைனா” (ஜோர்டன் படித்த பல்கலைக்கழகம்) என்பார். அதற்குமேல் ஜோர்டனின் பெயர் யார் காதிலும் சரியாக விழாது. கூட்டத்தின் ஆரவாரம் அதை விழுங்கிவிடும். அந்த ஆரவாரம் ஜோர்டனின் ஆட்டம் சம்பாதித்தது.

சரி, என் பழைய சண்டைக்கு வருகிறேன். 2017 மார்ச்சில் தங்கள் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்ஸ் நிர்வாகம் ஓர் ஆட்டத்தின் முதல் பாதியைப் பாட்டு, வீடியோ எதுவும் இல்லாமல் நடத்தியது. எதிரணியான வாரியர்ஸின் ஆட்டக்காரர் டிரேமாண்ட் கிரீன் அதைக் கடுமையாகத் திட்டினார். நான் அன்றும் நிக்ஸ் பக்கம், இன்றும் நிக்ஸ் பக்கம். பந்து தரையில் அடிபடும் சத்தம், காலணி கிறீச்சிடும் சத்தம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் எல்லாம் கேட்கட்டுமே! பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே ஒலிபெருக்கியில் பாட்டு போடுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அப்புறம், உள்ளூர்க்காரரின் பெயருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறவர்கள், வெளியூர் அணியின் ஐந்து பேரை ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி வாசித்துத் தள்ளுகிறார்கள். அவர்களும் ஆட வந்தவர்கள்தான். அறிவிப்பாளரை நான் எடைபோடுவது அங்கேதான். யானிஸ் அன்டெடோகூன்போ எதிரணியில் வரும்போது, அந்தப் பெயரைச் சிதைக்காமல் முழுசாகச் சொல்கிறவர் எவரோ அவருக்கே என் ஓட்டு.