நவம்பரில் உப்சாலா

வணக்கம் அக்கா,

முதுகலை மூன்றாம் செமஸ்டர் படிக்க ஆகஸ்ட் கடைசியில் ஸ்வீடனின் உப்சாலாவுக்கு வந்தேன். ஜனவரி நடுவில் ஊர் திரும்ப வேண்டும். நீங்களும் இங்கே ஒரு செமஸ்டர் படித்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். ஃப்ளோக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பில் அறை. ஒரே சமையலறையைப் பகிரும் எங்கள் காரிடாரில் 12 பேர், மூன்று மாதமாகியும் நான்கு பேரின் பெயர்தான் தெரியும். சமையலறையில் பார்த்தால் ‘ஹெய்’ என்பார்கள், சாப்பிட்டதும் தட்டைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். வாரத்துக்கு மூன்று வகுப்புதான். மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. என்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பிவிடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. நான் அங்கே இருந்ததும் இதே மாதிரி ஆகஸ்ட்டில் தொடங்கிய செமஸ்டர்தான். கடிதத்தைப் படித்ததும் அந்தச் சமையலறை மேசையும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் இருட்டும் அப்படியே கண்முன் வந்துவிட்டன. நவம்பரில் நானும் டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன்.

அங்கே படிப்பு அமைந்திருக்கும் விதமே ஒருவரைத் தனியாக்கிவிடும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். நம் ஊரில் ஐந்தாறு பாடங்கள் சேர்ந்தே ஓடும். அங்கே பெரும்பாலும் ஒன்று முடிந்துதான் அடுத்தது. 7.5 கிரெடிட் பாடம் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் உட்காருபவரோடு பேச்சு பழகும் நேரத்தில் தேர்வு வந்துவிடும், அடுத்த பாடத்தில் வேறு முகங்கள். ஊரில் நமக்கு நண்பர்களைத் தேடித் தந்தது கல்லூரிப் பேருந்தும் கேன்டீனும் கடைசி பெஞ்சும்தான். நாம் அதற்காக எதுவும் செய்ததில்லை. உப்சாலாவில் அந்தக் காரியத்தைச் செய்து கொடுக்கும் இடம் வகுப்பறை அல்ல, நேஷன் என்ற மாணவர் சங்கம்.

நேஷன் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. 1477-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 17-ஆம் நூற்றாண்டில் தூரத்து மாகாணங்களிலிருந்து படிக்க வந்த பையன்கள் ஊர் ஊராகச் சேர்ந்து அமைத்துக்கொண்டவைதான் நேஷன்கள். ஸ்மோலாண்ட், காட்லாண்ட், கால்மார் என்று பெயரிலேயே ஊர் இருக்கும். இன்று 13 இருக்கின்றன, யாரும் எதிலும் சேரலாம். 2010 வரை மாணவர்கள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. இப்போது அவரவர் விருப்பம். அதனால்தான் ஒரு செமஸ்டருக்கு மட்டும் வருகிறவர்கள் இதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள், அல்லது மலிவான பப் என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறார்கள்.

அங்கே வாடிக்கையாளராகப் போகாதீர்கள், வேலைக்குப் போங்கள். பப், மதிய உணவு, ஞாயிறு ஃபிகா (காபியும் பலகாரமும்) என்று அநேகமாக எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள், எப்போதும் ஆள் தேவைப்படும். கையில் கிடைப்பது சொற்பம்தான், ஆனால் வேலை செய்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு விருந்து வைப்பார்கள். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நடுநடுவே எழுந்து பாடும் விருந்து.

நான் முதலில் போனது ஒரு புதன்கிழமை மாலை. ஸ்டீல் தொட்டி நிறைய உருளைக்கிழங்கு. எதிரே நிற்கிறவன் யாரென்று பார்த்தால் எங்கள் காரிடாரின் கடைசி அறைப் பையன், இரண்டரை மாதமாக ‘ஹெய்’ தவிர ஒன்றும் பேசாதவன். தோல் சீவியை நான் பிடித்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கையை நீட்டி வாங்கி, உருளையை அசைக்காமல் தன்னை நோக்கி இழுத்துச் சீவிக் காட்டினான். அரைத் தொட்டி காலியானபோது தன் பாட்டி வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். வடக்கே, உமியோவுக்கும் அப்பால். ராத்திரி பதினொன்றுக்குச் சைக்கிளில் சேர்ந்தே திரும்பினோம். மறுநாள் காலை சமையலறையில் என்னைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் இரண்டாவது கோப்பையில் காபி ஊற்றி என் பக்கம் தள்ளினான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்தவரின் நேரத்துக்குள் அழைக்காமல் நுழைவது அங்கே தொந்தரவு. அவர்கள் தட்டைக் கழுவிவிட்டுப் போவது உங்களை நிம்மதியாகச் சாப்பிட விடுவதற்காக. நம் கண்ணுக்கு அது முகம் திருப்புவதாகத் தெரிகிறது. நடுவில் ஒரு வேலை இருந்தால் பேசுவதற்கு இரண்டு பேருக்குமே காரணம் கிடைத்துவிடுகிறது. எனக்கு இது தெரியவந்தபோது செமஸ்டரில் பாதி போயிருந்தது. அந்தப் பாதியை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்ளும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அப்புறம் இருட்டு. குளிருக்கு நல்ல ஜாக்கெட் போதும், இருட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. மழையும் சேறுமான நவம்பர்தான் இன்னும் மோசம். பனி விழுந்துவிட்டால் தரையிலிருந்தே வெளிச்சம் வரும். அதுவரை பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தப் படிப்பையும் மூடி வைத்துவிட்டு வெளியே போங்கள். ஃப்ளோக்ஸ்டாவை ஒட்டியே ஹோகா பள்ளத்தாக்கு இருக்கிறது. வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று, சின்ன ஆறு, காட்டுப் பாதை. காட்டில் யாரும் நடக்கலாம் என்பது அந்த நாட்டில் சட்டப்படியான உரிமை, யாரிடமும் கேட்க வேண்டாம். மாதக் கடைசியில் ஜன்னல்தோறும் காகித நட்சத்திர விளக்குகள் வரும். டிசம்பர் 13 லூசியா திருநாள். தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம் வைத்த பெண் முன்னே வர, பின்னால் வெள்ளை உடையில் பாடிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்.

வீட்டில் சொல்லாமல் இருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கே அம்மாவைக் கூப்பிடுங்கள், இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவிலும் நேரம் கேளுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் செய்த பிறகும் போக வேண்டும் என்றே தோன்றினால் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் டிக்கெட்டைத் தொடுவதற்கு முன் ஏதாவது ஒரு நேஷனுக்கு எழுதி, இந்த வாரம் சமையலறைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். எந்த நேஷனில் இடம் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா