சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு வேண்டாம்

வணக்கம். நீங்கள் வாங்கியிருக்கும் 70 வருட வீட்டில் சுண்ணாம்புச் சுவர் மூன்றடி உயரம்வரை ஓதம் ஏறி உதிர்கிறது, கொத்தனார் சிமெண்ட் பூசச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஓதம் இன்னும் மேலே ஏறும். எங்கள் வீட்டில் சிமெண்ட்தான் பூசினோம். இரண்டாவது மழைக்காலத்தில் ஜன்னல் மட்டத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. விரலால் அழுத்தினால் உப்பும் மண்ணும் மாவாகக் கொட்டின.

முதலில் ஈரம் வரும் வழியைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, குழாய் கசிகிறதா, வெளித்தரை வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதா? அதைச் சரிசெய்து, உதிரும் பூச்சைக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளையடிப்பு. பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.